ஹெட் போய்விட்டது என்று சொல்வதற்கு முன் ஒரு தாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பின் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: வீட்டில் இருக்கும் இங்க்ஜெட் பிரிண்டரில் போட்டோ பிரிண்ட் போட்டால் குறுக்கே கோடு கோடாக விழுகிறது, என்ன செய்யலாம் என்று. "ஹெட் போயிருக்கும். மாற்றுகிற செலவுக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம்" என்று இரண்டு வரியில் பதில் போட்டிருந்தீர்கள். ஹெட் என்பது தாளுக்கு மேலே ஓடி மையைத் தெளிக்கும் பாகம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. இதே வார்த்தையை நம்பி நானும் என் பிரிண்டரைத் தூக்கிப் போட இருந்தவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியனாக 35 வருஷம் வேலை பார்த்தவன். 2020 ஜனவரி 31-ஆம் தேதி பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வெளியே வந்தோமே, அதில் நானும் ஒருவன். ஒரு போன் வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் நாங்கள் முதலில் கருவியை மாற்ற மாட்டோம். வெளியே இருந்து வரும் லைன்கள் எல்லாம் நிலையத்துக்குள் வந்து சேரும் எம்.டி.எஃப். சட்டத்தில் அந்த லைனைப் பிரித்து, பழுது நிலையத்துக்கு உள்ளேயா, வெளியே கேபிளிலா என்று பார்ப்போம். அது தெரிந்த பிறகுதான் ஆள் கிளம்புவார். பழுது எங்கே என்று தெரியாமல் பொருளை மாற்றுவதை எங்கள் மேஸ்திரி விடவே மாட்டார்.

ஓய்வுக்குப் பிறகு, வீட்டில் கிடந்த பழைய படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுக்க ஆசைப்பட்டு தொட்டியில் மை ஊற்றும் ஆறு கலர் டேங்க் பிரிண்டர் ஒன்று வாங்கினேன். கறுப்பு, சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள், கூடவே லைட் சியான், லைட் மெஜந்தா. சொந்தக்காரர்கள் எல்லாரும் பெட்டிக்குள் கிடந்த படங்களைக் கொண்டுவந்து கொடுக்க, நாலு வருஷம் நன்றாகவே ஓடியது.

போன ஏப்ரல் கடைசியில் பெங்களூருக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, பேத்தியின் படம் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் தாளை உருவிவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டோம். அன்று நான் செய்த தப்பு இதுதான். வேலை முடிந்ததும் ஹெட் வலது ஓரத்தில் ஒரு ரப்பர் மூடிமேல் போய் உட்கார வேண்டும். அந்த மூடிதான் மை காயாமல் காப்பது. கரண்ட் போனால் ஹெட் எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிடும், வாய் திறந்தபடி. கரண்ட் வந்ததும் பிரிண்டரை ஒரு தடவை போட்டு, அதன் சொந்தப் பட்டனாலேயே அணைத்திருந்தால் அது தானே போய் மூடிக்கொண்டிருக்கும். நான் அதைச் செய்யவில்லை. அக்னி நட்சத்திரம் முழுவதும் பூட்டின வீட்டுக்குள் நாற்பது நாள் ஹெட் திறந்து கிடந்தது.

ஆனியில் அம்மா திதி. அம்மாவுக்கு இருப்பது ஒரே படம். 1964-இல் தேவகோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது, மடியில் கைக்குழந்தையாக நான். கறுப்பு வெள்ளை. அதைத்தான் ஊருக்கு வந்ததும் முதலில் போட்டேன். வெளியே வந்த தாளில் அம்மா முகம் பாசி படிந்த சுவர் மாதிரி பச்சையாக இருந்தது. குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடுகள்.

மறுநாள் பிரிண்டரை ஒரு வெளியூர்ச் சர்வீஸ் கடைக்குத் தூக்கிப்போனேன். அந்தத் தம்பி என் படத்தைப் பார்த்தார், மூடியைத் திறந்து பார்த்தார், "ஹெட் போச்சு சார்" என்றார். ஹெட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து 9,800 ரூபாய், இல்லையென்றால் புதிய மாடல் பாருங்கள் என்றார். பிரிண்டரை கரண்ட்டில் போடவே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் எங்கள் எம்.டி.எஃப். நினைவுக்கு வந்தது. பழுது எங்கே என்று யாருமே பார்க்கவில்லையே!

வீட்டில் முதல் வேலையாக நாசில் செக் எடுத்தேன். இதைக் கம்ப்யூட்டர் இல்லாமலே எடுக்கலாம். எந்தப் பட்டனை எப்படி அமுக்க வேண்டும் என்பது பிரிண்டரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். சாதாரண வெள்ளைத் தாள் போதும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டம், அதற்குள் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். ஒரு கோடு என்பது ஒரு நாசில், அதாவது மை தெறிக்கும் ஒரு துளை. என் பிரிண்டரில் நிறத்துக்கு 90 துளை, ஆறு நிறத்துக்கு 540. தலைமுடியைவிட மெல்லிய துளைகள் அவை. அத்தனைக்கும் தனித்தனியாக வருகைப்பதிவு எடுக்கிற மாதிரிதான் இந்தத் தாள்.

என் தாளில் லைட் மெஜந்தா கட்டத்தில் இருபது கோடுதான் இருந்தது. சியானில் ஏழு கோடு இல்லை. மற்ற நாலும் முழுசு. அம்மா முகம் ஏன் பச்சையானது என்பதும் அப்போதே புரிந்துவிட்டது. மெஜந்தா குறைந்தால் படம் பச்சைக்குப் போகும். சியான் குறைந்தால் சிவக்கும். மஞ்சள் குறைந்தால் நீலம் பாயும். இந்த மாதிரிப் பிரிண்டர் சாம்பல் நிறத்தைப் பல கலர் மைகளைக் கலந்துதான் உண்டாக்குகிறது. அதனால் ஒரு நிறம் கொஞ்சம் குறைந்தாலும் கறுப்பு வெள்ளைப் படம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கல்யாண வீட்டுக் கலர்ப் படத்தில் என்றால் பட்டுப்புடவைக்குள் அது மறைந்து போயிருக்கும்.

மஞ்சள் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைத் தாளில் மஞ்சள் கோடு என் வயசுக் கண்ணுக்குத் தெரியாது. பரிசுப் பொருள் சுற்றும் நீலக் கண்ணாடித்தாளை நடுவில் பிடித்துப் பார்த்தால் மஞ்சள் கோடுகள் கறுப்பாகத் தெரியும். ஒன்று விடாமல் எண்ணலாம்.

சரி, கோடு இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஏன் இல்லை? இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்பட்டு ஹெட் கிளீனிங் மேல் கிளீனிங் கொடுக்கிறார்கள். நான் ஒரு கிளீனிங் கொடுத்து இரண்டாவது தாள் எடுத்தேன். பிறகு இன்னொன்று கொடுத்து மூன்றாவது தாள். மூன்றிலும் நேரத்தை எழுதி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சியானில் காணாமல் போன ஏழும் மூன்று தாளிலும் அதே ஏழுதான். இம்மி நகரவில்லை. லைட் மெஜந்தா அப்படி இல்லை. முதல் தாளில் இல்லாத கோடு இரண்டாவதில் வந்தது, இரண்டாவதில் இருந்தது மூன்றாவதில் போய்விட்டது.

ஆசிரியர் அவர்களே, இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இந்தக் கடிதமே. ஒரே இடத்தில் நிற்கும் இடைவெளி என்றால் அந்தத் துளையில் மை காய்ந்து அடைத்திருக்கிறது, அல்லது அந்தத் துளையே மின்சாரத்தில் செத்துவிட்டது. இடம் மாறிக்கொண்டே இருக்கும் இடைவெளி என்றால் துளை உயிரோடுதான் இருக்கிறது, அதற்கு மைதான் வந்து சேரவில்லை. நடுவில் காற்று இருக்கலாம், அல்லது மையை இழுக்க வேண்டிய பம்ப் சரியாக இழுக்காமல் இருக்கலாம். செத்த துளை ஒருநாள் வந்து ஒருநாள் போகாது. என் பிரிண்டரில் இரண்டு வியாதியும் ஒன்றாக இருந்தன. "ஹெட் போச்சு" என்ற ஒரே வார்த்தையில் இரண்டையும் மூடிவிட்டார்கள்.

கிளீனிங் என்பது வேறொன்றுமில்லை. ஹெட் அந்த ரப்பர் மூடிமேல் அழுத்தி உட்காரும், அடியில் ஒரு சின்னப் பம்ப் மையை உறிஞ்சி எடுக்கும். மூடி சரியாகப் பொருந்தவில்லை என்றால் மைக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும். அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பிரிண்டரைப் போட்டு ஹெட் நகர்ந்ததும் பிளக்கைப் பிடுங்கினால், ஹெட்டைக் கையால் மெல்ல இடது பக்கம் தள்ளலாம். வலது ஓரத்தில் மூடி தெரியும். ஊசி இல்லாத சிரிஞ்சால் அந்த மூடி நிறையும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் விட்டேன். திரும்ப பிளக்கைச் செருகி, ஒரு கிளீனிங் கொடுத்து, மறுபடி அதேபோல் ஹெட்டை நகர்த்திப் பார்த்தேன். தண்ணீர் அப்படியே நின்றது. பம்ப் உறிஞ்சியிருந்தால் அது இறங்கியிருக்க வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தபோது ரப்பர் விளிம்பு முழுவதும் காய்ந்த மை சொரசொரவென்று படிந்திருந்தது. தோசைக்கல் ஓரத்தில் மாவு காய்ந்து ஒட்டியிருக்குமே, அப்படி. கிளீனிங் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பஞ்சு உதிராத குச்சியில் டிஸ்டில்டு வாட்டரைத் தொட்டு, அரை மணி நேரம் பொறுமையாக ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தேன். மூடிக்குள் இருக்கும் பஞ்சையும் நனைத்தேன். திரும்பத் தண்ணீர் விட்டுக் கிளீனிங் கொடுத்தேன். இந்தத் தடவை மூடி காலி. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த நாளில் செத்துக்கிடந்த கேபிளில் டயல் டோன் கேட்டால் வருமே, அதே சந்தோஷம்.

உடனே இன்னொரு கிளீனிங் கொடுக்கக் கை துடித்தது, கொடுக்கவில்லை. டேங்க் பிரிண்டர்களின் புத்தகத்தில், பலமுறை சுத்தம் செய்தும் சரியாகாவிட்டால் அணைத்துவிட்டுக் குறைந்தது 12 மணி நேரம் சும்மா விடுங்கள் என்று போட்டிருக்கிறார்கள். குழாய்க்குள் நுரைத்த காற்று அடங்கவும், காய்ந்த மை இளகவும் அந்த நேரம் வேண்டும். யாரும் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. அடுத்தடுத்துக் கிளீனிங் கொடுத்தால் மை போவது மட்டுமில்லை, உறிஞ்சிய மை எல்லாம் அடியில் ஒரு பஞ்சுத் திண்டில் போய்ச் சேரும். அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது நிரம்பியதும் பிரிண்டர் வேலை செய்யவே மறுத்துவிடும். காலையில் எடுத்த தாளில் லைட் மெஜந்தா 90-க்கு 90.

சியானுக்கு வேறு வைத்தியம். அது அடைப்பு. நூல் உதிராத துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்து, பட்டையாக மடித்து, ஹெட் நிற்கும் இடத்துக்கு அடியில் வைத்து, ஹெட்டை அதன்மேல் ஒரு ராத்திரி நிறுத்தினேன். ஏழு மூன்றானது. இன்னொரு ராத்திரி, மூன்று ஒன்றானது. அந்த ஒன்று இன்றுவரை வரவில்லை. அது செத்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயர்ந்த தரத்தில் பிரிண்ட் போட்டால் ஹெட் ஒரே இடத்தின்மேல் பல தடவை போய்வருவதால், பக்கத்துத் துளைகள் அந்த இடத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிடுகின்றன. 540-இல் ஒன்று இல்லாததை அம்மா படத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. திதிக்கு இரண்டு நாள் முன்னால் படம் தயாராகிவிட்டது, நல்ல சாம்பல் நிறத்தில்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காரைக்குடிக்காரர்களுக்கு எங்கள் சம்பை ஊற்றுத் தண்ணீர்மேல் பெருமை உண்டு. குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் இல்லை. ஆனால் ஹெட்டுக்கு எந்த ஊர்க் குழாய்த் தண்ணீரும் ஆகாது. அதில் கரைந்திருக்கும் உப்பு அந்த மெல்லிய துளையில் போய் உட்கார்ந்துவிடும். நான் வாங்கியது செக்காலை ரோட்டில் ஒரு இன்வெர்ட்டர் கடையில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை ஊற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்த ஹெட்டில் எந்தப் பசை இருக்கிறது, எந்த ரப்பர் இருக்கிறது என்று தெரியாமல் நான் அதைச் செய்ய மாட்டேன்.

இன்னொன்றும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஹெட்டைக் கழற்றிக் கழுவி ஈரத்தோடு மாட்டாதீர்கள். ஹெட்டுக்குப் போகும் பட்டைக் கேபிளின் முனையில் ஒரு சொட்டு மை இருந்தாலும் ஷார்ட் ஆகும், ஹெட்டும் போகும், போர்டும் போகும். அந்தப் போர்டோடு புதிய ஹெட்டை மாட்டினால் அதையும் பறிகொடுக்க நேரலாம். ஆறு நிறமும் ஒரே நாளில் ஒட்டுமொத்தமாக வராமல் போனால் நான் அடைப்பைச் சந்தேகிக்க மாட்டேன், ஆறும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாக அடைக்காது. கேபிள், போர்டு, பம்ப் பக்கம்தான் பார்ப்பேன். கேட்காமலே ஒரு நிறம் தாள் முழுக்கப் பட்டையாக ஊற்றினாலும் அது மின்சாரப் பழுதுதான். அங்கே வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். அவர் வைத்திருப்பது இரண்டு காட்ரிட்ஜ் (மைப் பெட்டி) போடும் சின்னப் பிரிண்டர். அவரிடமும் ஒரு கடையில் ஹெட் போய்விட்டது, புதுப் பிரிண்டர் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வகையில் ஹெட் காட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கிறது. காட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிதுதான்! ஈரமான டிஷ்யூ தாள்மேல் அவருடைய கலர் காட்ரிட்ஜின் அடிப்பக்கத்தை லேசாக அழுத்திக் காட்டினேன். நீலமும் சிவப்பும் மட்டும் பதிந்தன, மஞ்சள் பட்டை இல்லவே இல்லை. மஞ்சள் மை தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். காட்ரிட்ஜ் வாங்கிப் போட்டார், பள்ளிக்கூட ஆண்டுவிழாப் படங்கள் எல்லாம் அதில்தான் வந்தன.

அந்த வகைக் காட்ரிட்ஜ் ஹெட்டில் மையைத் தள்ளுவது சூடு. கேனன் நிறுவனத்தில் இச்சிரோ எண்டோ என்பவர் 1977-இல், சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் பட்டு மை தெறித்ததைப் பார்த்துத்தான் அந்த வழியைப் பிடித்தார் என்று சொல்வார்கள். வாழ்நாளெல்லாம் சால்டரிங் பிடித்த எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். மை இல்லாமல் அந்த ஹெட்டை ஓட்டினால் உள்ளே இருக்கும் ஹீட்டர் தானே கருகிவிடும். அதனால் மை தீர்ந்தது தெரிந்தும் கிளீனிங் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது. என் பிரிண்டர் வேறு வகை. எப்சன் நிறுவனம் பயன்படுத்துவது போன்ற பீசோ ஹெட், மின்சாரம் பட்டால் வளையும் சின்னத் தகடு மையைத் தள்ளும். அதில் ஹீட்டர் கிடையாது. எந்த வகை என்று தெரியாமல் வைத்தியம் சொல்வது சரியில்லை, உங்கள் பதிலில் அந்தக் கேள்வியே இல்லை.

நாசில் செக் முழுசாக வந்தும் படம் கெட்டுப்போனால்? அப்போது ஹெட்டை விட்டுவிடலாம். பளபளப்புத் தாளைப் போட்டுவிட்டு செட்டிங்கில் சாதாரணத் தாள் என்று விட்டிருப்பார்கள். அல்லது தாளைத் தலைகீழாகப் போட்டிருப்பார்கள், மை ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும். செங்குத்துக் கோடு இரட்டையாகத் தெரிந்தால் அலைன்மென்ட் (ஹெட்டின் வரிசையைச் சரிசெய்வது) கொடுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு ஒருமுறை, ஹெட்டுக்குப் பின்னால் ஓடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பட்டையில் மை தீற்றி இருந்ததே காரணமாக இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அந்த வாசகருக்கு இன்னொரு பதில் போடுங்கள். நாசில் செக் இரண்டு எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் அதற்குள் பிரிண்டரைப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கக் கூடாதே என்று இருக்கிறது. அப்புறம், சர்வீஸ் கடைக்காரர்களுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். பிரிண்டர் வந்ததும் ஒரு நாசில் செக், கொடுக்கும்போது ஒன்று, இரண்டையும் பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். ஒரு தாளும் இரண்டு நிமிஷமும்தான் செலவு. ஹெட் நிஜமாகவே போயிருந்தால் அந்தத் தாளைக் காட்டியே சொல்லலாம், நாங்களும் நம்பிப் பணம் கொடுப்போம்.

என்னுடைய தாள்கள் மூன்றையும் இத்துடன் வைத்து அனுப்புகிறேன். முதல் நாள் எடுத்தது, இரண்டாவது கிளீனிங்குக்குப் பிறகு எடுத்தது, எல்லாம் சரியான பிறகு எடுத்தது. இடம் இருந்தால் முதல் இரண்டையும் அருகருகே போடுங்கள், லைட் மெஜந்தா கோடுகள் இடம் மாறியிருப்பது வாசகர்களுக்குத் தெரியும். மஞ்சள் கட்டம் பத்திரிகைத் தாளில் தெரியாது. அதை மட்டும் உங்கள் ஆட்கள் கறுப்பாக மாற்றிப் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி டெக்னீஷியன்,
காரைக்குடி.